ஓ-பேர் விசா: எந்த நாட்டுக் கதவு முதலில் சாத்துகிறது?

"மாமா, ஃப்ராங்க்ஃபர்ட்டில் நம்ம குடியாத்தத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறதாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்களாம். ஓ-பேர் விசாவில் வரலாம் என்கிறார்கள். போகட்டுமா?"

அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்த கையோடு கேட்டாள். காட்பாடியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட், ரயில் டிக்கெட், கல்லூரி விண்ணப்பம் என்று நாள் முழுக்க எதையாவது ஆன்லைனில் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பதால், உலகத்தில் உள்ள எல்லாப் படிவமும் எனக்கு அத்துப்படி என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று வாரம், கடை சாத்திய பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு நாட்டு விதியாகப் படித்தேன். படித்ததையும், படித்த பிறகு எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தையும் எழுதி வைக்கிறேன்.

ஓ-பேர் என்பது பிரெஞ்சுச் சொல். சரிசமமாக என்று பொருள். வேலைக்காரியாக இல்லாமல் வீட்டில் ஒருத்தியாகத் தங்குவது என்பதுதான் இதன் அடிப்படை. 1969இல் ஐரோப்பிய நாடுகள் சில ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடி இதற்கென்றே ஓர் ஒப்பந்தம் எழுதின. ஒரு குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, சின்னச் சின்ன வீட்டு வேலைகளில் கைகொடுத்து, அந்த நாட்டு மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். அறையும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. மாதாமாதம் கையில் தருவதற்குப் பெயர் கைச்செலவுப் பணம். ஐரோப்பாவில் அதைப் பெரும்பாலும் சம்பளம் என்று சொல்வதில்லை.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "பி.காம். படிக்க வெச்சது வெள்ளைக்காரன் வீட்டு ஆயா வேலைக்கா?" என்று கேட்டாள். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் இது வேறு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை நாள் ஓய்வு, மொழி வகுப்புக்குப் போக நேரம் என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. காசு விஷயத்தில் மட்டும் அக்கா கணக்கு சரி. சேமித்து வீட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

முதலில் அந்த ஃப்ராங்க்ஃபர்ட் குடும்பம். அது நடக்காது. ஜெர்மன் விதிப்படி, ஓ-பேர் போகும் வீட்டில் ஜெர்மன் தாய்மொழியாக இருக்க வேண்டும். தாய்மொழியாக இல்லாமல் வீட்டில் பேசும் மொழியாக மட்டும் இருந்தால், குழந்தையின் பெற்றோருடைய சொந்த நாட்டிலிருந்து ஓ-பேர் வரக் கூடாது. யோசித்தால் நியாயம்தான். மொழி கற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஃப்ராங்க்ஃபர்ட்டில் குடியாத்தம் தமிழ் பேசிக்கொண்டிருந்தால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஓ-பேரும் குடும்பமும் ஒரே நாட்டுக் குடியுரிமை உடையவர்களாக இருக்கக் கூடாது என்று பிரான்ஸும் சொல்கிறது. தெரிந்த தமிழ்க் குடும்பம், பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்துத்தான் பலர் இந்தப் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். அந்த வழி இரண்டு இடத்திலும் அடைபட்டிருக்கிறது.

அப்போதே பேச்சை விட்டிருக்கலாம். ஆனால் பெண் மனதில் விதை விழுந்துவிட்டது.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் ஒப்பீடு புரியும். வருகிற ஜனவரியில் 26 வயது முடிகிறது. நான் இதை எழுதுவது ஐப்பசியில். சத்துவாச்சாரியில் ஒரு மழலையர் பள்ளியில் இரண்டு வருடம் வேலை பார்த்த அனுபவம் இருக்கிறது. ஸ்கூட்டி ஓட்டுவாள், கார் தெரியாது. ஆங்கிலம் தடையில்லாமல் வரும். பிளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்தவள். மொழி ஆசையெல்லாம் இல்லை, மார்க் ஆசை. அள்ளிக்கொண்டு வந்த மார்க்கில் இன்றைக்கு மிச்சம் இருப்பது "ஜ மாப்பெல்" என்று பெயர் சொல்லும் ஒரு வாக்கியம்.

எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு தருவார்கள்?" என்றுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது, இந்த விசாவில் முதலில் பார்க்க வேண்டியது பிறந்த தேதி. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வயதில் கதவைச் சாத்துகிறது. நெதர்லாந்து 26 முடிந்தால் சாத்திவிடும். ஜெர்மனியில் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 ஆகியிருக்கக் கூடாது. அமெரிக்கா 26 வயது வரை, அதாவது 27 ஆகும் முன். பிரான்ஸ் 30 வரை. எது மூடப் போகிறது, எது காத்திருக்கும் என்று வரிசைப்படுத்தினால் பாதி முடிவு தானாக வந்துவிடுகிறது.

நெதர்லாந்தை மனதில்லாமல்தான் தள்ளி வைத்தேன். வாரம் 30 மணி நேரம், இரண்டு முழு நாள் ஓய்வு, மாதம் அதிகபட்சம் 340 யூரோ கைச்செலவு. அந்த அரசு அங்கீகரித்த ஓ-பேர் நிறுவனம் வழியாக மட்டுமே போக முடியும். விசா விண்ணப்பத்தையும் அந்த நிறுவனமே போடும். போகிற பெண்ணிடமிருந்து தயாரிப்புச் செலவாக 34 யூரோவுக்கு மேல் யாரும் வாங்கக் கூடாது என்று கூட விதி இருக்கிறது. நான் படித்ததிலேயே ஒழுங்கானது இதுதான். ஆனால் எங்களுக்கு மீதி இருப்பது மூன்று மாதம். நிறுவனம் கிடைத்து, குடும்பம் கிடைத்து, தாள் எல்லாம் முடிவதற்குள் தை பிறந்துவிடும். 23, 24 வயதில் பெண் இருக்கிற வீட்டார் முதலில் இதைப் பாருங்கள்.

நார்வேயைப் பற்றி இன்னும் பழைய வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2024 மார்ச்சில் அந்த நாடு ஓ-பேர் திட்டத்தையே எடுத்துவிட்டது. நார்வேக்கு ஓ-பேர் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அமெரிக்கா. இதில் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. மாமாவுக்கு, அதாவது அவள் அப்பாவுக்கு, அமெரிக்காதான் வேண்டும். காரணம் பணம். வாரத்துக்குக் குறைந்தது 195.75 டாலர். மாதக் கணக்கில் 848 டாலர் வரும். எழுபதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. மற்ற நாடுகளோடு பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அந்தப் பைசாக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை மாறுகிறது. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அதை 45ஆல் பெருக்கினால் 326.25. அதில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் நூற்றுக்கு நாற்பது கழித்தால் 195.75. அப்படியென்றால் வாரம் 45 மணி நேரம், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று அர்த்தம். கூட்டிக் கழித்தால் மணிக்கு 4.35 டாலர்.

அங்கே இது ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வருகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனம் ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்து டிஎஸ்-2019 என்ற படிவம் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் தூதரக வாசலை மிதிக்க முடியாது. பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், ஆங்கிலம் வர வேண்டும். வீட்டில் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால், அந்த வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அனுபவம் குறைந்தது 200 மணி நேரம் காட்ட வேண்டும். அங்கே ஒரு கல்லூரியில் ஆறு கிரெடிட் அளவுக்குப் பாடம் படிக்கவும் வேண்டும். அதற்குக் குடும்பம் 500 டாலர் வரை தரும். ஒரு வருடம் முடிந்தபின் ஆறு, ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் நீட்டிக்கலாம். 2025 ஜூனிலிருந்து இந்த வகை விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். இதைக் கேட்டதும் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

எனக்கு இதில் நம்பிக்கை குறைவு என்பதற்கு இரண்டு காரணம். பேருந்து வசதி இல்லாத ஊர்களில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வரத்தான் பல அமெரிக்கக் குடும்பங்கள் ஆள் தேடுகின்றன. வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஸ்கூட்டி ஓட்டுகிற தைரியம் அங்கே எடுபடாது. இன்னொன்று, சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், திரும்பி வருவேன் என்று நம்பவைக்க வேண்டிய பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. 25 வயது, கல்யாணம் ஆகவில்லை, பெயரில் சொத்து இல்லை, பார்த்த வேலையையும் விட்டுவிட்டுப் போகிறாள். அந்த இரண்டு நிமிடப் பேட்டியில் என்னத்தைக் காட்டுவது?

பிரிட்டனில் ஓ-பேர் விசா என்பதே 2008க்குப் பிறகு கிடையாது. லண்டன் குடும்பம் உன்னை ஓ-பேராக எடுக்கிறது, விசா வக்கீலுக்கு மட்டும் பணம் அனுப்பு என்று மின்னஞ்சல் வந்தால், அது மோசடி என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் போதும். அவளுக்கும் அப்படி ஒன்று வந்தது. மூன்று குழந்தைகளின் படத்தோடு, கோட்டு சூட்டுப் போட்ட அப்பா. ஆனால் பிரிட்டனில் வேறொரு கதவு உண்டு. 2023 பிப்ரவரியில் ஆரம்பித்த இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டம். வருடத்துக்கு 3,000 இடம், குலுக்கல். பட்டம் வேண்டும், வயது 18 முதல் 30, வங்கியில் 2,530 பவுண்டு இருப்பு. குலுக்கலில் பெயர் போடக் கட்டணம் இல்லை. விழுந்தால் இரண்டு வருடம் எந்த வேலையும் பார்க்கலாம். வீட்டோடு தங்கிக் குழந்தை பார்த்தாலும் 2024 ஏப்ரல் முதல் முழுக் குறைந்தபட்சக் கூலி தந்தாக வேண்டும். ஆனால் சுகாதாரக் கட்டணம் மட்டுமே இரண்டு வருடத்துக்கு 1,552 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவும் 2024இலிருந்து இந்தியர்களுக்கு இதேபோல் 1,000 இடம் தருகிறது. அங்கே பெயர் போட 25 ஆஸ்திரேலிய டாலர். குலுக்கல்தானே, பெயரைப் போட்டு வைப்போம் என்றேன். போட்டு வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும்.

மிஞ்சியது ஜெர்மனியும் பிரான்ஸும். சரியான போட்டியே இங்கேதான்.

பணத்தில் பிரான்ஸ் முந்துகிறது. மாதம் குறைந்தது 320 யூரோ, வாரம் 25 மணி நேரம். ஜெர்மனியில் 280 யூரோ, வாரம் 30 மணி நேரம், ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் கூடாது. யூரோவைத் தோராயமாக நூறு ரூபாய் என்று வைத்தால் 32,000க்கும் 28,000க்கும் உள்ள வித்தியாசம். ஜெர்மன் குடும்பம் மொழி வகுப்புக்கென்று தனியாக மாதம் 70 யூரோ தர வேண்டும். நோய்க்கும் விபத்துக்கும் காப்பீடு எடுக்க வேண்டும். வருடத்துக்கு நான்கு வாரம் விடுமுறை, வாரம் ஒன்றரை நாள் ஓய்வு. பிரான்ஸில் குடும்பம் அரசுக்குப் பங்குத்தொகை கட்டி அவளை சமூகக் காப்பீட்டில் சேர்க்கும். ஒரு வருடத்தை இரண்டாக நீட்டிக்கலாம். ஜெர்மனியில் பன்னிரண்டு மாதத்தோடு சரி. ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டாலும் மீதி ஆறு மாதத்தைப் பிறகு கேட்க முடியாது; வாழ்நாளில் ஒரு முறைதான்.

மொழியிலும் பிரான்ஸ் இளகிய மனசு. அடிப்படை பிரெஞ்சோ, இல்லையென்றால் பள்ளிப் படிப்பு முடித்த சான்றோ போதும் என்கிறது. ஜெர்மனிக்கு ஏ1, அதாவது மொழியின் முதல் படி முடித்த சான்றிதழ் கண்டிப்பாக வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில், ஜெர்மன் கற்றுத்தரும் கதே நிலையத்தில் தேர்வு. படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் சேர்த்து நூற்றுக்கு அறுபது. விசா கவுன்ட்டரிலும் இரண்டு கேள்வி ஜெர்மனில் வரும் என்று எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். மனப்பாடம் செய்து சான்றிதழ் வாங்கியவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதுவரை படித்தால் பிரான்ஸ் என்றுதானே தோன்றுகிறது? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பாண்டிச்சேரியிலேயே பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறது, பள்ளியில் படித்த மொழி, வயதும் தாராளம். அந்தக் கடைசிக் காரணம்தான் என்னை மாற்றியது. பிரான்ஸ் இன்னும் நான்கு வருடம் காத்திருக்கும். ஜெர்மனி பதினைந்து மாதத்தில் மூடிவிடும். காத்திருக்கிற கதவை முதலில் தட்டி, மூடப் போகிற கதவை விடுவது எந்தக் கணக்கு?

இன்னொன்று, அந்த ஒரு வருடம் முடிந்த பிறகு என்ன என்பது. ஓ-பேர் வருடத்தில் ஏ2, பி1 என்று மொழி ஏறிவிட்டால் ஜெர்மனியில் தன்னார்வ சேவை வருடம் உண்டு, தொழிற்பயிற்சி உண்டு. செவிலியர் பயிற்சி என்றால் மூன்று வருடம், பயிற்சிக் காலத்திலேயே மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் தருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் பி2 வரை மொழி வர வேண்டும். அங்கே இருந்தபடியே அனுமதியை மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை அந்த ஊர் வெளிநாட்டினர் அலுவலகம் முடிவு செய்யும்; உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிஎம்சி மருத்துவமனையில் படித்த நர்சுகளை உலகம் முழுக்க அனுப்பிய ஊர் இது. ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூக்கள் எங்களுக்கு முன்பே ஜெர்மனிக்குப் போய்விட்டன. பி.காம். பெண் அங்கே என்ன ஆவாள் என்று எனக்கு ஒரு சித்திரம் இல்லை. ஆனால் மொழி கையில் இருந்தால் வழி தேட முடியும்.

ஜெர்மனியில் ஒரு சங்கடம் புதிதாக வந்திருக்கிறது. முன்பெல்லாம் விசா மறுத்தால் அதே தூதரகத்துக்கு ஒரு கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த முறையை எடுத்துவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லினில் வழக்குப் போட வேண்டும். காட்பாடியிலிருந்து பெர்லினுக்கு வழக்கு! ஆகவே முதல் முறையே தாள்கள் சுத்தமாக இருக்க வேண்டும். ஏன் ஓ-பேர், ஏன் ஜெர்மனி என்று எழுதும் விளக்கக் கடிதம் அவள் சொந்த வார்த்தையில் இருக்க வேண்டும். மழலையர் பள்ளி அனுபவச் சான்றிதழை அதில் பொருத்திக் காட்டினால் பலம்.

நடுவில் வேலூரில் ஓர் ஏஜென்டைப் போய்ப் பார்த்தோம். பெயர் வேண்டாம். மூன்று லட்சம் கேட்டார், "பேக்கேஜ்" என்றார். ஏ1 தேர்வையும் "பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அப்போதே அக்கா என் கையைக் கிள்ளினாள். ஜெர்மன் சட்டப்படி ஓ-பேரிடமிருந்து தரகு நிறுவனம் வாங்கக்கூடிய அதிகபட்சத் தொகை 150 யூரோ. நம் நாட்டிலும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயையும் ஜிஎஸ்டியையும் தாண்டக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டேன். "சார், நீங்க நம்பிக்கை இல்லாம பேசறீங்க" என்றார். சரி என்று வந்துவிட்டோம். உண்மையான செலவு என்று பார்த்தால் விசாக் கட்டணம் 75 யூரோ, வகுப்பு, தேர்வு, விமான டிக்கெட். டிக்கெட்டைப் பெரும்பாலும் போகிறவர்தான் வாங்க வேண்டும். பாதியாவது தருவீர்களா என்று குடும்பத்திடம் கூச்சப்படாமல் கேட்கலாம்.

எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் நம் ஆட்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. பெயர். மார்க் ஷீட்டில் பெயரும் இனிஷியலும். ஆதாரில் இனிஷியல் முன்னால். பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தவர்களை என் கடையிலேயே வாரத்துக்கு நாலு பேரைப் பார்க்கிறேன். காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று, அதாவது பெயர் தெரியாது என்று அச்சடித்துவிடுவார்கள். பெற்றவர்கள் நாள் நட்சத்திரம் பார்த்து வைத்த பெயர் தெரியாதாம்! ஜெர்மன் படிவமும் குடும்பப் பெயரைக் கேட்கிறது. அவளுடைய பாஸ்போர்ட்டும் அப்படித்தான் இருந்தது. அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டு மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். பத்தாவது பாஸானதால், வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்று பாஸ்போர்ட்டில் போடும் ஈசிஆர் முத்திரைப் பிரச்சினை இல்லை.

மாமா இன்னும் அமெரிக்கா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்காக ஓர் ஒப்பந்தம் செய்தோம்: அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்வாள். எந்த நாட்டுக்குப் போனாலும் நஷ்டம் இல்லை. ஏ1 வகுப்பு ஆன்லைனில் சேர்ந்தாகிவிட்டது, தேர்வு பங்குனிக்குள். சான்றிதழ் வந்தபின் ஆறு மாதம் குடும்பம் தேட நேரம். அதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை என்றால் ஜெர்மனியை விட்டுவிட்டு, பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் ஃபிரான்சேஸில் பழைய பிரெஞ்சைத் தூசு தட்டுவது என்று முடிவு.

ஏ1 பேச்சுத் தேர்வில் முதல் கேள்வியே தன்னை அறிமுகப்படுத்துவது; பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்வார்கள். நேற்றுக் கடையில் உட்கார்ந்து அவள் அப்பா பெயரை ஜெர்மன் எழுத்துகளில் உச்சரித்துப் பழகிக்கொண்டிருந்தாள். பதினேழு எழுத்து. பட்டா காப்பி எடுக்க வந்த பெரியவர் ஒருவர், "என்ன மந்திரம் பாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.